பன்னிரண்டு நாளில் ஒரு கொலை

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு க்ரைம் நாவல் எழுத ஆசையா? நல்லதுங்க. ஊரில் ஏற்கெனவே ஒருவர் 1500-க்கும் மேல் எழுதிவிட்டார் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ராஜேஷ்குமார், வீட்டில் வைத்த பேர் ராஜகோபால், 1960-களின் கடைசியில் சிறுகதையில் தொடங்கியவர். அரை நூற்றாண்டால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 30 நாவல், பன்னிரண்டு நாளுக்கு ஒன்று. நடுவில் இரண்டாயிரம் சிறுகதைகளை எப்போது எழுதினார் என்று கேட்காதீர்கள். அவருடைய துப்பறிவாளர் விவேக்கையே விட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் மட்டும் 'மூடு' வரும்வரை காத்திருங்கள். மருதமலை அடிவாரத்தில் காற்று வாங்குங்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஃபில்டர் காபி குடியுங்கள். நல்ல பேனா ஒன்று தேடி அலையுங்கள். பன்னிரண்டு நாள் தானாகக் கழிந்துவிடும்.

முன்னோடிகளைப் படிப்பதா? படியுங்கள், ஆனால் பெயர்களை மட்டும் கவனியுங்கள். சுஜாதாவுக்கு கணேஷ்-வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி, நம்மவருக்கு விவேக்-ரூபலா. துணை இல்லாமல் தமிழில் துப்பறிய அனுமதியில்லை. கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! சொந்தக் கதை வராவிட்டாலும் கவலை வேண்டாம். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தழுவி எழுதிய மண் இது. தழுவல் என்று சொல்லிவிட்டால் மரபு. சொல்லாவிட்டால் வெப் சீரிஸ்.

கதைக்கு முன்னால் தலைப்பு. அடுத்த இதழுக்கான தலைப்பைக் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் செய்துவிட்டால், கதை பயந்துபோய்த் தானே வரும். ஜி.அசோகனின் 'க்ரைம் நாவல்' போன்ற மாத இதழ்கள் வளர்த்த எழுத்து இது. தேதிக்குப் புத்தகம் கடையில் தொங்க வேண்டும். காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறுகிறவர்தான் உங்கள் விமர்சகர். அவிநாசியில் முதல் பிணம் விழ வேண்டும். பெருந்துறையில் இரண்டாவது. சம்பந்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கதை பவானிப் பாலத்தில் வந்து இதோடு சேர வேண்டும். சங்ககிரி தாண்டுவதற்குள் கைவிலங்கு. கண்டக்டர் "சேலம் எறங்கு" என்றபின் இரண்டு பக்கம் மிச்சமிருந்தால் நீங்கள் இலக்கியவாதி.

கொலையை எங்கே வைப்பது? லண்டன் மூடுபனி எதற்கு, தோட்டத்து மோட்டார் ரூம் இருக்கும்போது? எட்டடிக்கு எட்டடி. தகரக் கதவு. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன், மேலே ஃபியூஸ் கேரியர். மூலையில் கிரீஸ் டப்பா, பலகைக்குப் பின்னால் பல்லி. மும்முனைக் கரண்ட் ராத்திரி எந்நேரம் வந்தாலும் தோட்டக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். அந்த நேரம் தெரிந்தவனே கொலைகாரன். பங்காளி, கிணற்றில் பாதிப் பங்குள்ள சித்தப்பா, லைன்மேன் என்று சந்தேகப் பட்டியல் தானே எழுதிக்கொள்ளும். ஜி.டி.நாயுடு 1937-ல் மோட்டார் செய்தது இதற்காக அல்ல. இருந்தாலும் முன்னுரையில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

வசனத்தில் மரியாதை குறையக் கூடாது.

"ஏனுங் மாமா, டார்ச்ச அணச்சுப்போட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்."

"எதுக்குங் மாப்ள?"

கொல்கிறவனும் சாகிறவரும் 'ங்' விடாமல் பேசினால்தான் கொங்கு நாட்டில் நம்புவார்கள்.

புகழ் வருமா என்றால், வரும், சுற்றி வளைத்து. 2008-ல் ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் பல்ப் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. இக்கதைகளைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள் பிறகுதான் தொகுப்பை ஹாலில் வைத்தார்கள். 2017-ல் ராஜேஷ்குமார் கதை ஒன்று அருண் விஜய் நடிக்க 'குற்றம் 23' என்று படமாகவும் வந்தது. நீங்கள் முதல் நாவலிலேயே அருண் விஜய்யை மனத்தில் வைத்து எழுதுவது உத்தமம்; கதாநாயகனுக்கு உடம்பு வர்ணனை எழுதும் சிரமம் மிச்சம்.

பிணத்தை மட்டும் சிறுவாணிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஊர் குடிக்கிற தண்ணீர் என்பது ஒரு காரணம். அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் என்பது பெரிய காரணம். எந்த ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். போடுவது என்று இரண்டு மாநிலமும் பேசி முடிப்பதற்குள் சேலம் பஸ் போய்த் திரும்பி, அடுத்த டிரிப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்.