புகைப் பண்டிதர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விறகுப் புகையில் மெல்ல வேகும் கறியான பார்பெக்யூவுக்குப் பெயர்பெற்ற கடை எதன் வாசலிலும் ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையில் ஒரு புகைப் பண்டிதரும் இருப்பார். ஆளை அடையாளம் காண்பது எளிது. மடக்கு நாற்காலி கொண்டுவந்திருப்பார், ஆனால் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் பிரசங்கம் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதே. உப்பு, மிளகு, போஸ்ட் ஓக் விறகு: இந்த மூன்றுக்கு மேல் நாலாவதாக எது சேர்ந்தாலும் அது பார்பெக்யூ அல்ல என்பது அவர் சித்தாந்தம். தட்டு வந்த பிறகும் அவர் சாப்பிட மாட்டார், பரிசோதிப்பார். பென்சில் பருமனுக்கு அறுத்த பிரிஸ்கெட் துண்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, ஆள்காட்டி விரலின் குறுக்கே போடுவார். அது இரண்டு பக்கமும் வளைந்து தொங்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. முனைகளைப் பிடித்து லேசாக இழுத்தால் மட்டும் பிரிய வேண்டும். அடுத்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கருகிய மேலோட்டுக்கு அடியில் ஓடும் இளஞ்சிவப்பு வளையத்தை ஆராய்வார். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி ஆறுவது தெரியாமல் ஜாதகக் கட்டத்தில் மூழ்கிப்போகும் பெரியப்பாவின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். இத்தனைக்கும் அந்த வளையத்துக்கு ருசி கிடையாது. விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் இறைச்சியின் நிறப்புரதத்தோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது. இறைச்சியைப் பதப்படுத்தும் நைட்ரைட் உப்பைத் தடவினால் புகையே இல்லாமலும் வரும்.

பண்டிதரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர் இல்லாவிட்டால் வரிசையில் பொழுது போகாது. என் வாதம் ஒன்றுதான். அவர் காவல் காக்கிற ஆசாரங்களில் பெரும்பாலானவை ஆசாரமாகப் பிறந்தவை அல்ல. நெருக்கடிக்கு யாரோ செய்த ஒப்பேற்றல்கள். லாக்ஹார்ட் ஊரின் க்ரைட்ஸ் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1900-இல் தொடங்கிய அந்தக் கடையில் சாஸும் முள்கரண்டியும் தரமாட்டார்கள் என்பது பண்டிதர்களுக்கு வேதவாக்கு. ஆனால் அது தொடக்கத்தில் உணவகமே அல்ல, கறிக்கடை. மத்திய டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள், விற்காத கறி கெட்டுவிடக் கூடாதே என்று புகையில் போட்டார்கள். பருத்தி பறிக்க வந்த கூலிகள் அதை வாங்கி அங்கேயே நின்று தின்றார்கள். கறிக்கடையில் தட்டு ஏது, கரண்டி ஏது? கறி மடிக்கிற தாள்தான் தட்டு. இன்று அதே தாளை மரத்தட்டில் விரித்துப் பரிமாறினால் பண்டிதர் நெகிழ்ந்துபோகிறார். (க்ரைட்ஸிலேயே இப்போது கேட்டால் சாஸ் கிடைக்கும். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.) பிரிஸ்கெட்டின் பூர்வீகமும் அப்படித்தான். மாட்டின் உடல் பாரத்தைத் தாங்கி முறுகிப்போன தசை அது. யாரும் விரும்பாததால் மலிவு. அது பார்பெக்யூவின் அரசனானதே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் தோள்கறியும் மற்ற முன்பக்கக் கறியும்தான் அதிகம். கறியை அலுமினியத் தாளில் சுற்றி வேகவைப்பது ஏமாற்று, இளஞ்சிவப்புக் கசாப்புத்தாளில் சுற்றினால் அது மரபு என்பார். அந்தத் தாளை நாடறியச் செய்தவர் ஆஸ்டினின் ஏரன் ஃப்ராங்க்ளின். அவர் இழுவை வண்டியில் கடை போட்டதே 2009-இல்தான். இவ்வளவு கறாரான மனிதர், கூடவே வரும் பாக்கெட் வெள்ளை ரொட்டியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

மாநிலம் மாறினால் வேதமும் மாறிவிடும். வட கரோலினாவின் கிழக்கில் வினிகரும் மிளகாயும்தான் சத்தியம்; மேற்கே போனால் அதில் கொஞ்சம் கெட்சப் சேரும், அதற்கே இரு பக்கமும் முறைத்துக்கொள்வார்கள். தென் கரோலினாவில் கடுகு. அலபாமாவின் டிகேட்டரில் 1920-களில் பிக் பாப் கிப்ஸன் என்பவர் மயோனைஸ் கலந்து வெள்ளைச் சாஸ் செய்துவிட்டார். இன்று அங்கே அதுவே தொல்மரபு. கன்சாஸ் சிட்டி பார்பெக்யூவின் தந்தை எனப்படும் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர், 1900-களின் தொடக்கத்தில் கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். மாட்டுக்கறியோடு ரக்கூன் கறியும் அவரிடம் கிடைத்ததாம். மரபுக்குத் திரும்புவோம் என்கிறவர்கள் ரக்கூனுக்குத் திரும்புவதாகத் தெரியவில்லை. பண்டிதரின் ஒன்றுவிட்ட தம்பி பர்கர் பண்டிதர். நியூ ஹேவன் நகரத்து லூயிஸ் லஞ்ச் கடையில் இன்றும் வாட்டிய ரொட்டியின் நடுவே பர்கர் வைத்துத் தருகிறார்கள், கெட்சப் கேட்டால் மறுக்கிறார்கள் என்று உருகுவார். ஓக்லஹோமாவின் வெங்காய பர்கரையும் புகழ்வார். அது பிறந்த கதை, கையில் காசில்லாத காலத்தில் கொஞ்சக் கறியை நிறையக் காட்ட வெங்காயத்தை அள்ளிப் போட்டது. இப்படிப் பிறந்த சாப்பாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸின் கோகி என்ற உணவு வண்டி 2008-இல் கொரிய விலாக்கறியை மெக்ஸிகோ டாக்கோவில் வைத்தபோது என்ன தூய்மை கெட்டுவிட்டது?

பண்டிதர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அளவுகோல் இல்லாவிட்டால் எல்லாரும் எரிவாயு அடுப்புக்கு மாறி, புட்டியில் அடைத்த புகைச்சாற்றைத் தெளித்து விற்பார்களே என்பார். உண்மை. பிரிஸ்கெட் சுமார் எழுபது டிகிரி செல்சியஸை எட்டியதும் அதற்கு மேல் சூடேறாமல் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும்; மேலே ஆவியாகும் ஈரம் உள்ளே வரும் வெப்பத்தைத் தின்றுவிடுவதுதான் காரணம். அந்த நேரத்தில் பொறுமை இழக்காமல் விடிய விடிய விறகு தள்ளுகிற ஆளுக்கு மதிப்புத் தெரிந்த வாடிக்கையாளர் வேண்டும். டெக்சாஸின் லெக்ஸிங்டன் என்ற சிற்றூரில் சனிக்கிழமை மட்டும் திறக்கும் ஸ்னோஸ் கடைக்கு இருள் பிரியுமுன்னே வந்து நிற்கும் கூட்டம் அத்தகையது. ஆனால் கைப்பக்குவத்தைக் காப்பது வேறு, பட்டியலுக்குப் பூட்டுப் போடுவது வேறு. 2024-இல், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேடு டெக்சாஸில் நான்கு பார்பெக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் தந்தது. அவற்றில் ஒன்று மாட்டுக் கன்னக்கறிக்குப் பேர்போனது. இன்னொன்று பன்றியின் வயிற்றுக்கறிக்கு பீச் தேநீர்ப் பூச்சுக் கொடுக்கிறது. இரண்டிலும் விறகு எரிகிறது.

புதுமை என்ற பெயரில் கண்ணராவிகளும் நடக்கின்றனவே என்று அவர் கேட்டால், ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வாய்க்குள் போகாத உயரத்துக்கு பர்கரை அடுக்கி நடுவில் குச்சி செருகுகிறார்கள். டோனட்டைப் பிளந்து அதற்குள் கறியை வைக்கிறார்கள். நியூயார்க்கில் 2001-இல் டானியேல் பூலூ என்ற சமையற்கலைஞர், பர்கருக்குள் வாத்து ஈரலும் மெல்ல வேகவைத்த விலாக்கறியும் வைத்து 27 டாலருக்கு விற்றபோது ஊரே வியந்தது. அதன் பிறகு நகல் எடுத்தவர்கள் விலையை மட்டும் சரியாக நகல் எடுத்தார்கள். ஆனால் இவற்றை நிராகரிக்கப் பல்லும் நாக்கும் போதும், சரித்திரம் தேவையில்லை. கடைசியாக, அவர் ரசிப்பு அவருக்கு, அதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. எவரும் சீண்டாத கறியைப் பீடத்தில் ஏற்றியதில், பெயர்பெற்ற பல கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டுக்கு முப்பது டாலரைத் தாண்டிவிட்டது. பருத்திக் கூலியின் பேரன் இன்று அந்த வரிசையில் நின்றால் பர்ஸைத் தடவிப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

டெக்சாஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்பாடுபட்டாவது பண்டிதருக்கு முன்னால் இடம் பிடித்துவிடுங்கள். கொழுப்புள்ளதா, கொழுப்பில்லாததா என்று கறி அறுப்பவர் கேட்கும் ஒரே கேள்விக்கு அவர் சொல்லும் பதில் நீளமானது. இந்தக் கடைகளில் கறி தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்.