லோகோவைப் பெரிசாக்கு
1943-ல் கல்கத்தாவின் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனம், சத்யஜித் ராய் என்ற இளைஞரை ஜூனியர் விஷுவலைசராகச் சேர்த்து, மாதம் 80 ரூபாய் கொடுத்துக் கெடுத்தது. மனிதர் புத்தக அட்டை, எழுத்து வடிவம் என்று அலைந்து கடைசியில் சினிமாவுக்கே போய்விட்டார்.

இன்றைய ஊடக நிறுவனங்கள் உஷார். கிராஃபிக் டிசைன் பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும், அனுபவமும் இருந்தால் நல்லது. துர்கா பூஜை வாழ்த்துப் படத்தில் 'லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்கு' என்று ஆறு பேர் மாறி மாறிச் சொல்லித்தருகிறார்கள். இதற்கு ஃபீஸ் கேட்காதது எவ்வளவு பெருந்தன்மை!

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி, மூன்று மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கேட்டாள்.

"நீதானேம்மா டிசைனர், நீயே போட்டுக்கோ."

போட்டுக்கொண்டு போனாள். லோகோ சின்னதாக இருக்கிறதாம்.