12 இஞ்ச் ஸ்பீக்கருக்கு 12 இஞ்ச் ஓட்டையா?

8க்கு 4 பிளைவுட் ஷீட்டைத் தட்டுவண்டியில ஏத்திக்கிட்டு நீ தெருவுல வந்த அழகை ஊரே பாத்துச்சு மருமவனே. கீழத்தெரு கிழவி பந்தல் சாமான் வருதுன்னு நெனச்சுக்கிட்டு, "யாரு வீட்டுல விசேசம்?"னு என்கிட்டயே கேட்டா. "விசேசந்தான் ஆத்தா, எங்க அக்கா மகன் சப் ஊஃபர் பெட்டி செய்யப் போறான், காதுல வைக்கப் பஞ்சு வாங்கி வச்சுக்க"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். கோவிச்சுக்காதே. மாமன் வாயில விழுந்து எந்திரிச்சாத்தான் காரியம் துலங்கும்.

நான் என்னத்தக் கண்டேன்? அந்தக் காலத்துல தென்னமரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பொழச்சவன். உன்னைய மாதிரி செல்போன்ல வீடியோ பாத்து ஒரே ராத்திரியில இஞ்சினியர் ஆனவன் இல்ல. இருந்தாலும் ரம்பத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கிழவன் சொல்றதைக் கேட்டா பலகை ஒண்ணும் உளுத்துப் போயிராது.

பெட்டி எதுக்குன்னு தெரியுமா உனக்கு? அழகுக்குன்னு நெனச்சிருப்பே. வெறும் ஸ்பீக்கரை மேசை மேல நிறுத்தி வச்சு ஒரு பாட்டைப் போட்டுப் பாரு. பாடுறவன் குரல் கேக்கும், சலங்கை கேக்கும், தவிலோட தொப்பி மட்டும் எங்கயோ ஓடிப்போயிருக்கும். கோன் முன்னால தள்ளுற நேரத்துல அதோட முதுகு காத்தை இழுக்குது. முன்னால அமுங்குன காத்து விளிம்பைச் சுத்திக்கிட்டுப் பின்னால போயி, அங்க உள்ள குறையை நெரப்பிருது. ரெண்டும் கழிஞ்சு மிச்சம் சைபர். 40 ஹெர்ட்ஸ் சத்தத்துல ஒரு அலையோட நீளம் 28 அடி. அவ்வளவு பெரிய அலைக்கு ஓரடி ஸ்பீக்கரைச் சுத்தி வர்றது ஒரு தூரமா? ஆக, சண்டைக்காரச் சம்பந்திகளைப் பந்தியில ஆளுக்கொரு மூலையா உக்கார வைக்கிற வேலைதான் பெட்டிக்கு. முன்காத்தும் பின்காத்தும் பாத்துக்கவே கூடாது.

இது எங்க தலைமுறைக்கே தெரியும்வே. மண்பானை வாயில ஸ்பீக்கரைக் கவுத்து வச்சு இளையராஜா பாட்டுக் கேக்காத டீக்கடை உண்டா, சலூன் உண்டா? எவனும் எங்களுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலை. ஆனா சங்கதி சுத்தம். பானைச் சுவரு வளைஞ்சு இருக்கிறதால விறைப்பா நிக்கும், கூடச் சேந்து அதிராது. நீ செய்யப் போற பெட்டிக்குத் தட்டைப் பலகை. தட்டைப் பலகை அதிரும். உன் செலவு, வேர்வை எல்லாம் அதை அதிரவிடாமப் பண்றதுக்குத்தான்.

பலகையைக் கொண்டா, பாப்போம். 18 மில்லிமீட்டரா? சரி. விரல் மொட்டியால தட்டிக்கிட்டே வா. ஒரு எடத்துல "டொக்"னு கேட்டு அடுத்த சாண்ல "டப்"னு கேட்டா, உள்ளடுக்குல ஓட்டை இருக்கு. ஓரத்துல பட்டியைப் பூசி மறைச்சிருப்பான். அந்தப் பொந்துல தளர்ந்த சில்லு ஒண்ணு கிடந்தாப் போதும், பாட்டு முழுக்கத் தேனீ ரீங்காரம் போடும். ஐ.எஸ். 303 முத்திரை போட்டது சாதாரணப் பலகை, ஐ.எஸ். 710 போட்டது மரைன் பலகை. கடைக்காரன் மரைன்தான் வேணும்னு அழுத்தியிருப்பான். உன் பெட்டி என்ன கன்னியாகுமரிக் கடல்ல மிதக்கப் போகுதா? 303லயே பொந்து இல்லாத நல்ல ஷீட்டாப் பொறுக்கினாப் போதும். எம்.டி.எஃப். பலகையும் சத்தத்துக்கு மோசமில்ல. ஆனா தண்ணி பட்டா உப்பிரும், ஓரத்துல திருகு நிக்காது. உங்க ஆத்தா வீடு கழுவுற வேகத்துக்கு அது ஒரு ஆடி மாசம் தாங்காது.

இப்ப உன் நோட்டைக் காட்டு. அடேயப்பா, என்ன எழுத்து! "16 இஞ்ச் சதுரப் பெட்டி, ஆறு பக்கம், 16க்கு 16 ஆறு பலகை." கணக்குல நீ நூத்துக்கு நூறு வாங்கினப்பவே எனக்குச் சந்தேகம். ஏன் ராசா, பலகைக்குக் கனம்னு ஒண்ணு இருக்கிறதை மறந்துட்டியா? இஞ்சை விடு, மில்லிமீட்டருக்கு வா. 406க்கு 406 ரெண்டு, 406க்கு 370 ரெண்டு, 370க்கு 370 ரெண்டு. இப்படி அறுத்தாத்தான் மூலை மூலையோட சேரும். அதுக்கும் முன்னாடி பலகையோட கனத்தை அளந்து பாரு. 18னு சொல்லி விக்கிறது எல்லாம் 18 இருக்காது. ரம்பம் அறுக்கிற கோட்டுலயும் மூணு மில்லிமீட்டர் தூளாப் போயிரும், அதையும் கணக்குல சேரு.

அறுக்கிறது கிடக்கட்டும், பெட்டிக்குள்ள எவ்வளவு காத்து அடையும்னு பாத்தியா? வெளிப்பக்கம் அளந்தா 67 லிட்டர். உள்பக்கம் அளந்தா 50 லிட்டர்தான். ஏறக்குறைய ஒரு குடம் காத்தைப் பலகை முழுங்கிருச்சு. ஸ்பீக்கர் தொங்குற முன்பலகையை ரெட்டையா ஒட்டணும், அதுக்கு ரெண்டரை லிட்டர் கழி. ஸ்பீக்கரோட காந்தமும் கூடும் உள்ள உக்காரும், மூணு லிட்டர் வை. குறுக்குக் கட்டைக்கு ஒண்ணு. மிச்சம் 44 லிட்டர், ஒண்ணரைக் கன அடியைத் தாண்டிக் கொஞ்சம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்னு செவுத்துல கரியால எழுதி வச்சுக்க. மூடுன பெட்டியில வேலை செய்யற 12 இஞ்ச் ஸ்பீக்கர் பலதுக்கு இந்த அளவு ஒத்து வரும். தப்பிச்சே. நீ கணக்குப் போட்டு வந்த அளவு இல்ல இது, உன் நல்ல நேரம்.

நீளம், அகலம், உசரம் 1.618 விகிதத்துல இருக்கணும்னு எவனோ சொன்னானாமே? உசந்த சுருதிச் சத்தம் வர்ற பெட்டிக்கு அதுல அர்த்தம் இருக்கு. சப் ஊஃபருக்கு இல்ல. 28 அடி அலைக்கு உன் ஒண்ணேகால் அடிப் பெட்டி சதுரமா, கோணலான்னு தெரியவே தெரியாது. கட்டிலுக்கு அடியில தள்ளணும்னா தட்டையாச் செய்யி, மூலையில நிக்கணும்னா நெட்டையாச் செய்யி. லிட்டர் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

ஓட்டைக்கு வருவோம். 12 இஞ்ச் ஸ்பீக்கர், அதனால காம்பஸ்ல ஆறு இஞ்ச் எடுத்து 12 இஞ்சுக்கு வட்டம் போட்டு வச்சிருக்கே. அறுத்துருவியே, பாவி! அறுத்தீன்னா ஸ்பீக்கர் நேரா உள்ள விழுந்து உனக்கு வணக்கம் சொல்லும். 12ங்கிறது சட்டத்தோட வெளிவிளிம்புக் கணக்கு. ஓட்டை 11 இஞ்சை ஒட்டித்தான் வரும், கம்பெனிக்குக் கம்பெனி ரெண்டு மூணு மில்லி மாறும். சட்டத்துல உள்ள திருகு ஓட்டைக்குக் கீழ மரம் வேணும்ல? ஸ்பீக்கரைக் கவுத்து வச்சுப் பின்பக்க விட்டத்தை அளந்து, அட்டையில ஒரு வட்டம் வெட்டி உக்கார வச்சுப் பாத்துட்டு அப்புறமா பலகையைத் தொடு. அட்டை பழைய காலண்டர்லயே கிடைக்கும்.

ஒட்டுறதுல கஞ்சத்தனம் பண்ணாதே. திருகுதான் பெட்டியைப் பிடிக்குதுன்னு நெனக்கிறே. இல்ல. பிடிக்கிறது பெவிகால். அது காயற வரைக்கும் பலகையை அசையாம வச்சிருக்கிறதுதான் திருகோட வேலை. ஓரம் பூரா தடவு, இறுக்குனதும் பசை பிதுங்கி வெளிய வரணும். வரலைன்னா பத்தலை. ஒரு ராத்திரி தொடாமக் கிடக்கட்டும். மறுநாள் உள்மூலை எல்லாத்துலயும் சிலிக்கான் ஒரு கோடு இழுத்துரு.

ஒட்டுறதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேப்பே. 12 இஞ்ச் கோன் பத்து மில்லிமீட்டர் உள்ள வந்தா அரை லிட்டர் காத்தை அமுக்குது. மூடுன 44 லிட்டர்ப் பெட்டியில அந்த அமுக்கம் ஒவ்வொரு பலகை மேலயும் 20 கிலோவுக்கு மேல சுமையா விழும். 40 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 40 தடவை தள்ளி, 40 தடவை இழுக்கும். இப்பப் புரியுதா, நடுவுல குறுக்குக் கட்டை கேட்டது எதுக்குன்னு? எதிரெதிர்ப் பலகை ரெண்டையும் ஒரு கட்டையால நடுவுல கோத்துட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். நட்ட நடுவுல வைக்காம ரெண்டு விரல்கடை தள்ளி வை.

ஸ்பீக்கரை ஏத்தினதும் பூசை போடுவேல்ல, அந்த ஊதுபத்தியை அணைச்சுராதே. தாழ்ந்த சுருதிச் சத்தத்தை மெதுவா ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கிட்டயும் பத்தியைக் கொண்டு போ. புகை நேரா ஏறினா சரி. ஒரு எடத்துல வெட்டி வெட்டிப் போச்சுன்னா அங்க காத்து கசியுது. இதுக்கெல்லாம் முந்தி, வொயர் மாட்டுறதுக்கு முன்னாடியே ஒண்ணரை வோல்ட் பேட்டரிக் கட்டையைக் கணநேரம் தொட்டுப் பாத்துரு. பிளஸ்ல பிளஸ் பட்டா கோன் வெளிய வரணும். உள்ள போனா குறி மாறிக் கிடக்கு. உள்ள கொஞ்சம் பஞ்சு அடைச்சா மூடுன பெட்டி இருக்கிறதைவிடச் சித்தே பெரிசாயிட்டாப்புல ஸ்பீக்கர் ஏமாந்துக்கும். அதுக்காக உங்க ஆத்தா தலகாணியைக் கிழிச்சீன்னா உன்னைப் பெட்டிக்குள்ள அடைச்சுருவா.

அப்புறம், "மாமா, பைப் வச்ச பெட்டிதான் அதிரும்"ன. அதிரும். நான் மறுக்கலை. ஆனா அதுக்கு ஸ்பீக்கர் கம்பெனி கொடுத்த அளவுக் காகிதம் வேணும். 1961ல ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் பைப் வச்ச பெட்டிக்குக் கணக்கு எழுதினாரு. 70கள்ல ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிச்சு வச்சாரு. அந்தக் காகிதத்துல எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ்.னு போட்டிருக்கிற மூணு எண்ணும் தெரிஞ்சா பெட்டி எவ்வளவு, பைப் எவ்வளவுன்னு சொல்லிறலாம். க்யூ.டி.எஸ். 0.4ஐச் சுத்தியோ கீழயோ இருந்தா பைப்புப் பெட்டிக்கு ஆகும், 0.5ஐத் தாண்டினா மூடிப்போடு. ரெண்டு கன அடிப் பெட்டி, நாலு இஞ்ச் பி.வி.சி. பைப், சுருதி 32 ஹெர்ட்ஸ்னா பைப் நீளம் 14 இஞ்சை ஒட்டி வரும். நீளம் கூடினா சுருதி இறங்கும், பைப் பருத்தா சுருதி ஏறும். சுருதிக்குக் கீழ போற சத்தத்துக்குப் பெட்டியில பிடிமானமே கிடையாது, கோன் தறிகெட்டு ஆடிக் கிழிஞ்சு போகும். நீ வாங்கிட்டு வந்த ஸ்பீக்கரோட என்ன காகிதம் வந்துச்சு? பில்லு மட்டுமா? அப்ப மூடுன பெட்டியே செய்யி. கணக்கு நாலு லிட்டர் தப்பினாலும் அது மன்னிக்கும். பைப்புப் பெட்டி மன்னிக்காது.

ஆம்ப்ளிஃபயர் பத்திக் கேக்கவே பயமா இருக்கு. அட்டைப்பெட்டியில 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருக்கு. மருமவனே, உங்க வீட்டு 6 ஆம்பியர் பிளக்குல 230 வோல்ட்டுக்கு 1400 வாட்டே கிடைக்காது. மிச்சத்தை யாரு தர்றா, முனியசாமியா? தொடர்ந்து தர்ற ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவுன்னு கேளு. கேட்டதும் கடைக்காரன் முகம் போற போக்கைப் பாத்துக்க. 100 வாட்டை 200 ஆக்கினாலும் கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெட்டிப்பாக் கேக்கணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வேணும். அந்தக் காசுல ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம். ஒரு பைசா செலவில்லாம சத்தம் கூடணும்னா பெட்டியை ரூம் மூலைக்கு நகட்டு. செவுரு ரெண்டும் சேந்து உனக்காக உழைக்கும்.

மொத நாள் பாட்டுப் போட்டதும் "டர்ர்"னு ஒரு சத்தம் வரும். பெட்டியைக் கிழிச்சுராதே. பீரோக் கதவைப் பிடிச்சுப் பாரு, அலமாரியில எவர்சில்வர் டம்ளரைப் பிரிச்சு வை, ஜன்னல் கொக்கியைப் போடு. முக்கால்வாசி அங்கதான் இருக்கும்.

பெயின்ட்டு, மைக்கா, துணி எல்லாம் உன் இஷ்டம். அதுல எனக்குக் கருத்து இல்ல, கொமட்டுற செவப்பு மட்டும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, ஒலி மாசு விதி 2000ல வந்துச்சு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரின்னா பத்து மணியிலேருந்து காலையில ஆறு வரை. உன் பெட்டிக்கு 45ங்கிறது இருமல் மாதிரி. தாழ்ந்த சுருதிச் சத்தம் செவுத்தை மதிக்காது. பக்கத்து வீட்டு வாத்தியாரு முதல்ல என்கிட்டதான் வருவாரு, நான் உன்னையத்தான் கைகாட்டுவேன்.

டிரில்லிங் மிஷின் கேட்டிருந்தியே, பரண் மேல இருக்கு. எடுத்துட்டுப் போ. ஆனா போன பொங்கலுக்கு வாங்கிட்டுப் போன ஏணியை முதல்ல கொண்டாந்து வை, அது இல்லாமப் பரண் எட்டாது.