பாறைக்குப் பிறந்த ஸ்டியரிங்

ஜீப் ரேங்ளர் வாங்குகிறவர் விளம்பரத்தில் பார்ப்பது பாறை; வாங்கியபின் பார்ப்பது ஷாப்பிங் மால் பார்க்கிங். இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை என்று ஒன்று வருகிறது. புகார் பிறப்பது அங்கேதான்: "ஸ்டியரிங் லூசா இருக்கு, வண்டி நேரா போக மாட்டேங்குது."

போகாதுதான். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்சில் பிணைத்திருக்கிறது. ஸ்டியரிங்கும் கார்களில் இருக்கும் ரேக்-பினியன் அல்ல. உள்ளே குண்டுகள் உருளும் பழைய பாணி கியர்பாக்ஸ். பாறை சக்கரத்தை உதைத்தாலும் ஓட்டுபவரின் கட்டைவிரல் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. அதற்குக் கூலி, நடுவில் கொஞ்சம் ப்ளே. சுஸுகி ஜிம்னிக்கும் இதே ஜாதகம்தான்.

இதற்கு உரிமையாளர் கண்டுபிடிக்கும் மருந்து, வண்டியை 4 அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் மாட்டுவது. உயர்த்தியதும் காஸ்டர் கோணம் குறையும். சக்கரம் தானாக நேராவதை மறக்கும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ட்ராக் பாரின் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம் போதும், முன்பக்கம் முழுதும் சாமியாடும். அமெரிக்காவில் இதற்கு 'டெத் வாபிள்' என்றே பெயர். யாரும் கைவைக்காத புது ரேங்ளர்களும் ஆடியதால், 2019-இல் நிறுவனமே ஆட்டத்தை அடக்க வேறு ஸ்டியரிங் டேம்பர் மாட்டிக் கொடுத்தது.

நேராகத்தான் போக வேண்டுமென்றால், 2020-இல் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவரின் புது டிஃபெண்டர் இருக்கிறது: பழையதின் இரும்பு ஆக்சில் போய், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், சாலையில் சமர்த்து. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு நம்மவர் உதட்டைப் பிதுக்குவார்: "என்ன இருந்தாலும் பழைய டிஃபெண்டர் மாதிரி வருமா?"