பை வண்டியில் இருக்கிறது

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘வீட்டிலிருந்தே சூழலைக் காக்க ஐந்து எளிய வழிகள்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் செயலாளர். எழுத உட்கார்ந்த நேரம்தான் சரியில்லை. நேற்றுச் சாயங்காலம் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து எங்கள் வீட்டின் 38-வது துணிப்பையை வாங்கி வந்திருக்கிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டாயிற்று.

முதல் வழி: கடைக்குப் போகும்போது மறக்காமல் பை எடுத்துச் செல்லுங்கள்.

நான் எடுத்துத்தான் போனேன். கொடுமையே அதுதான். எடுத்து, மடித்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, பூட்டி, பத்திரமாகக் கொண்டுபோனேன். கடைக்குள் நுழைந்தேன். கூடையை நிரப்பினேன். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் நகர்ந்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

“பை இருக்கா சார்?”

“இருக்கும்மா. வண்டில இருக்கு.”

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். ஊருக்குப் போகக் காசு குறைகிறது, பர்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிறவரை நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை. நான் சொன்னது சத்தியம். ஆனால் அதே சத்தியத்தை அன்றைக்கு மட்டும் அவளிடம் ஐம்பது பேராவது சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. எனக்குப் பின்னால் ஒற்றைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு நின்றவர், ஒரு பாட்டிலுக்குத் தேவையானதைவிடப் பெரிய பெருமூச்சு விட்டார். வண்டி நாற்பது அடி தூரத்தில் நின்றது. போய்ச் சாவி போட்டு, சீட்டைத் தூக்கி, பையை எடுத்துத் திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகும். பூமியைக் காக்க இரண்டு நிமிடம். பின்னால் இன்னொரு பெருமூச்சு.

“சரி, ஒண்ணு போடும்மா.”

அந்தப் பையில் என்னென்ன போயிற்று என்று வீட்டில் எண்ணிப் பார்த்தேன். துவரம் பருப்பு, ரவை, உப்பு, கடுகு, எண்ணெய், அப்பளம், பிஸ்கட், துணி சோப்புத் தூள், ஷாம்பு சரம். ஒன்பதும் பிளாஸ்டிக் உறை. ஒன்பது பிளாஸ்டிக்குக்கு ஒரு துணி முக்காடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்பதையும் அடைத்து விற்கிறவர்களை யாரும் நிறுத்தி, “பை இருக்கா சார்?” என்று கேட்பதில்லை. கேள்வியெல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கிற என்னிடம்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள். “ஏங்க, பை எடுத்துட்டுத்தானே போனீங்க?”

“வண்டில இருக்கு.”

“அப்ப இது?”

“இது கைல இருக்கு.”

அவள் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அந்தக் கதவு பாதிதான் திறக்கும். முன்பெல்லாம் முழுதாகத் திறந்து சுவரில் முட்டும். இப்போது பின்னாலிருக்கும் பைகளில் முட்டி, மெத்தையில் விழுந்ததுபோல் திரும்பி வரும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி மாதாமாதம் ஒருக்களித்துத்தான் உள்ளே போகிறார்.

இந்தப் பைகளைப் பற்றிச் சொல்லாமல் இரண்டாவது வழிக்குப் போக மனம் வரவில்லை. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

எண்ணிக்கையில் முதலிடம் தாம்பூலப் பைக்கு. அதில் ஒரு தேங்காய் போகும். கூடவே வெற்றிலை பாக்கு. அதற்குமேல் ஒரு வாழைப்பழம் வைத்தாலும் காது அறுந்துவிடும். அரைக்கிலோ கத்தரிக்காய் அதற்கு ஆகாது. ஆனால் துணி ஆயிற்றே, எறிய முடியுமா? கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேர் போனால் மூன்று பை. ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயரும் தேதியும் மண்டபமும் அச்சடித்திருக்கும். அதில் ஒரு ஜோடி இரண்டாம் வருடமே பிரிந்துவிட்டது. எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மட்டும் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள். எத்தனை முறை துவைத்தாலும் பெயர் போகவில்லை. நல்ல சாயம்.

அடுத்தது நகைக்கடைப் பை. இதில் காய்கறி வாங்க எனக்கு அனுமதி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுபோகலாம், சம்பந்தி வீட்டுக்குப் பழம் கொண்டுபோகலாம். பழத்தைக் கொடுத்துவிட்டுப் பையைத் திரும்ப வாங்கி வரவேண்டும் என்பது விதி. ஒருமுறை நான் கூச்சப்பட்டு விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் சண்டை வந்தால் அந்தப் பையிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

பிறகு, கருத்தரங்குகளில் கொடுக்கிற சணல் பை. வெறும் பையே ஒரு சுமை. மழையில் நனைந்தால் மூன்று நாளைக்கு வீடு மாட்டுக்கொட்டில் மாதிரி மணக்கும். பிறகு, தொட்டால் துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பை. அது பாலிப்ரொப்பிலீன், துணி வேஷம் கட்டிய பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. அது தெரியாமல் நான் வருடக்கணக்கில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரோடு வருகிறவர்களை முறைத்திருக்கிறேன். பிறகு, போன ஆண்டு இதே மலருக்கு நீர் சிக்கனம் பற்றி எழுதியதற்கு அன்பளிப்பாக வந்த துணிப்பை. கடைசியாக, இவை அத்தனையும் கொள்ளாமல் மிஞ்சியவற்றைத் திணித்து வைத்திருக்கும் பை. பைகளுக்கான பை. அது தடைக்கு முந்தைய காலத்து ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. இந்த வீட்டில் தினமும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பை அதுதான்.

இந்த நேரம் பார்த்தா அந்த டென்மார்க் ஆய்வு என் கண்ணில் பட வேண்டும்? 2018-இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை வெளியிட்டது. பருத்தியை விளைவிக்க, நூற்க, நெய்ய ஆகிற சேதாரம் எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு சாதாரணப் பருத்திப் பை அங்கத்திய கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, அதை 7,100 முறை பயன்படுத்த வேண்டுமாம். ரசாயன உரம் போடாத இயற்கைப் பருத்தி என்றால் 20,000 முறை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை கடை, வருடத்துக்கு 104. ஒரு பைக்கு 68 வருடம். என் வயது 57. என்னிடம் இருப்பது 38 பை, சணலையும் வேஷக்காரர்களையும் தள்ளிய பிறகு. ஆக மொத்தம் 2,594 வருடம். அதாவது, இந்தப் பைகளுக்கு இன்றைக்குக் கடன் தீர்ந்திருக்க வேண்டுமானால், கீழடியில் செங்கல் சுவர் எழும்பிய காலத்திலேயே நான் மளிகைக்கடைக்குப் போக ஆரம்பித்திருக்க வேண்டும். அன்றைக்கும் பையை வண்டியிலேயே விட்டிருப்பேன், மாட்டு வண்டியில்.

கணக்கைக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன். கல்லூரியில் படிக்கிறாள், எங்கள் வீட்டின் சூழல் அமைச்சர்.

“அப்பா, அது ஓசோன் வரைக்கும் எல்லாத்தையும் சேத்த கணக்கு. பருவநிலையை மட்டும் பாத்தா 52 தடவைதான்.”

“52 தடவையா?”

“அதுவுமில்லாம அவங்க தெருவுல பறக்கிற கவரைக் கணக்குலயே சேக்கல. டென்மார்க்ல மாடு குப்பைத்தொட்டில மேயாதுப்பா.”

நியாயம்தான். பதில் இல்லை. ஆனால் 52 என்றால் வாரம் இரண்டாக ஆறே மாதம். இந்த முப்பத்தெட்டில் 52 முறை வெளியே போய் வந்த பை எது என்று யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை. தாம்பூலப் பைகள் வெளியே வந்தது ஒரே முறை, மண்டபத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு.

என் அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் பை. வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அந்த ஆணியில் பை. ரேஷனுக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான், கோர்ட்டுக்குப் பத்திரம் கொண்டுபோனதும் அதில்தான். அவர் பையை மறந்து நான் பார்த்ததில்லை. ஒரே பையாக இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். முப்பத்தெட்டு இருந்தால் அவை எங்கேயோ இருக்கின்றன, அவ்வளவுதான். நானோ கல்லூரிக்குப் போனதும் அந்தப் பையைத் தூக்க வெட்கப்பட்டேன். மஞ்சப்பையோடு எழும்பூரில் இறங்குகிறவன் என்றால் சினிமாவில் அவனை ஏமாற்ற நான்கு பேர் காத்திருப்பார்கள். 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. அடுத்த வருடம் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். அப்பா இருந்து பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருக்க மாட்டார். “பையா? பத்து ரூபாயா?” என்றுதான் கேட்டிருப்பார்.

இரண்டாவது வழி: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடையுங்கள். மூன்றாவது: ஏசியை 24-இல் வையுங்கள். எங்கள் வீட்டில் நான் 24-இல் வைப்பேன். சூழல் அமைச்சர் 20-இல் வைப்பார். நான்காவதும் ஐந்தாவதும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் செயலாளர் கேட்டது ஒரு பக்கம். இதோடு நான்காவது பக்கம்.

மனசாட்சி உறுத்தியதால் எழுந்து கீழே போனேன். நேற்று எடுத்துப்போன அந்தப் பையையாவது கொண்டுவந்து, ஆணி அடித்து, வாசலில் மாட்டிவிடலாம் என்று எண்ணம். சீட்டைத் தூக்கினேன். பை பத்திரமாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கும் அடியில், ஸ்பானரைச் சுற்றிக்கொண்டு, மூன்றாவது.

ஆக 41. அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 2,800 வருடம். கீழடி போதாது. ஆதிச்சநல்லூர்தான்.