ஏழாவது ரீப்ளேஸ்

எக்ஸ்எம்எல் எழுத லைப்ரரி எதற்கு? மேற்கோள் குறியும் கூட்டல் குறியும் போதும், பூக்கட்டுவதுபோல் கோத்துக்கொண்டே போகலாம். நானும் கோத்தேன். ஆறு மாதம் மணத்தது. பிறகு ‘& சன்ஸ்’ என்று முடியும் பெயரோடு ஒரு வாடிக்கையாளர் வந்தார்; பார்சர் படுத்துவிட்டது. பிழையைக் கண்டால் ஊகிக்காதே, நிறுத்து என்பது 1998-லேயே எழுதிவைத்த விதி. (எச்டிஎம்எல்லாக இருந்தால் பிரவுசர் பெரிய மனது பண்ணியிருக்கும்.) ஒரு ரீப்ளேஸ் எழுதினேன். அடுத்து கோண அடைப்பு வந்தது, இன்னொரு ரீப்ளேஸ். வரிசை பிசகியதில் மாற்றியதையே மறுபடி மாற்றிவைத்தது. பைத்தானோடு 2006 முதல் சும்மா வருகிற எலிமென்ட்ட்ரீ இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்கிறதாம். கற்றுக்கொள்ள அரைமணி வேண்டுமே! எனக்கு ஏது நேரம், ஏழாவது ரீப்ளேஸ் காத்திருக்கிறது.