புறநகர்த் தேர்வியல்: சுவர்க்கோட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

மதுரையிலோ சேலத்திலோ நிம்மதியாக இருந்த ஒருவருக்குச் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எந்த ஏரியாவுல வீடு பாக்கலாம்?" என்பது. சித்தப்பா பையன் சொன்னது, ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது, டீக்கடையில் காதில் விழுந்தது என வாய்மொழி வழக்காறுகளே இத்துறையை இதுநாள்வரை ஆண்டு வந்துள்ளன. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். இன்னொரு நோக்கமும் உண்டு. அது இறுதியில் கூறப்படும்.

ஆய்வு எல்லை

வடமேற்கே ஆவடி, மேற்கே பூந்தமல்லி, தெற்கே கூடுவாஞ்சேரி, கிழக்கே கடல். அண்ணா நகரும் அடையாறும் வாடகையைக் கேட்ட மாத்திரத்தில் விலக்கப்பட்டன. எது நகர், எது புறநகர் என்பதில் அறிஞரிடையே குழப்பம் நிலவுகிறது. 2011இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்து பல புறநகர்களை விழுங்கியது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் தாங்களே மாநகராட்சிகளாகிவிட்டன. எனவே இக்கட்டுரை புதியதொரு வரையறையை முன்மொழிகிறது: "ரிட்டர்ன் காலியாத்தான் சார் வரணும்" என்று ஆட்டோக்காரர் சொல்லும் எந்த இடமும் புறநகரே. மறுப்புடையோர் ஆட்டோவில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முன்னாய்வுகள்

முதலாவது, திணைக் கோட்பாட்டாளர் மரபு. எந்தப் பொருள் கிடைத்தாலும் ஐந்திணைக்குள் அடைத்துவிடுவது நம் ஆய்வுலகின் நேர்த்திக்கடன். அதன்படி பரங்கிமலையும் திரிசூலமும் குறிஞ்சி. இதற்குரிய கூடலாவது, கத்திப்பாராவில் வாகனங்கள் கூடி நிற்றல். காட்டை ஒட்டிய வண்டலூரும் நன்மங்கலமும் முல்லை. இங்கே இருத்தலாவது, பேச்சிலர்கள் வீடு கிடைக்காமல் நண்பன் அறையில் இருத்தல். வயலை அழித்து மனை போட்ட இடமெல்லாம் மருதம். ஊடல், ஹவுஸ் ஓனருடன். நீலாங்கரை நெய்தல், வாடகை கேட்டு இரங்கல். எஞ்சியது பாலை, பிரிதலாவது, அட்வான்ஸ் தொகையைப் பிரிதல். இவ்வகைப்பாட்டால் வீடு கிடைக்காது. முனைவர் பட்டம் கிடைக்கும்.

இரண்டாவது, தொன்மை மரபு. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். ஆகவே உலகில் முதன்முதலாகப் புறநகரில் குடியேறியவன் பல்லாவரத்துக்காரனே என்றும், ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததால் அவ்விடத்தைத் தேர்ந்தான் என்றும் இம்மரபினர் நிறுவுவர். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலே 1931இல்தானே ஓடத் தொடங்கியது என்று கேட்டால், "அவன் காத்திருந்தான்" என்பர்.

மூன்றாவது, கருத்தரங்கக் கோவை மரபு. பதிவுக் கட்டணம் செலுத்தியோர் கட்டுரைகள் அனைத்தும் தரமானவை எனத் தேர்வுக் குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. இவற்றுள் முன்னவரைப் பின்னவர் மேற்கோள் காட்டுவார். மறுபதிப்பில் பின்னவரை முன்னவர் மேற்கோள் காட்டுவார். இருவரும் சொந்த வீட்டில் இருப்பவர்கள்.

பொதுக் காரணிகள்

பள்ளி: தெருவுக்குத் தெரு உண்டு, சீட் இல்லை.

கொசு: எங்கும் உண்டு.

தொலைவு: "ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சு நிமிஷம் சார்" என்பது தரகர் வாக்கு. பின்னிரவில், சிக்னல் எதுவும் இல்லாமல், தரகரின் பைக்கில், தரகரே ஓட்டிச் சென்றால் அது அஞ்சு நிமிஷம்தான். தரகர் பொய் சொல்வதில்லை.

முன்பணம்: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற சிறு சந்துக்குள் நுழைந்துதான் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நடமாடுகிறது. இது சட்டத் துறையினர் ஆராயத்தக்கது.

சுவர்க்கோட்டியல்

இனி ஆய்வின் மையப் பொருளுக்கு வருவோம். மேற்சொன்ன அனைத்தையும் வாசகர் மறந்துவிடலாம்.

2015 டிசம்பர் முதல் தேதியையொட்டிய இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றன. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி, நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்குவது அப்பகுதி நீரின் பரம்பரை வழி. அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த வழியின் குறுக்கே பால்கனியோடு இரண்டு படுக்கையறை கட்டினால், நீர் வரவேற்பறை வழியாகப் போகும். போகும்போது சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். அக்கோட்டைப் படிக்கும் கலையே சுவர்க்கோட்டியல். கல்வெட்டியலுக்கு இது தம்பி முறை.

கோடுகள் மூவகைப்படும்: மூலக்கோடு, மங்கல்கோடு, மறைகோடு. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதன்மேல் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கும். வீடு முழுவதும் பழைய பெயின்டாக இருக்க, தரையிலிருந்து நான்கடி மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால், அங்கே நான்கடியில் ஒரு மறைகோடு உண்டென்று துணியலாம். இதைப் 'பார்டர் டிசைன்' என்று உரை கூறுவாரும் உளர் (ஹவுஸ் ஓனர், வாய்மொழி).

கோடு முற்றிலும் அழிந்துபட்ட இடங்களில் துணைச் சான்றுகளை நாட வேண்டும். பிளக் பாயின்ட் தலைக்கு மேலே இருக்கிறதா? தண்ணீர் மோட்டார் ஒரு பீடத்தின்மேல் குலதெய்வம்போல் எழுந்தருளியிருக்கிறதா? பிரிட்ஜுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் உண்டா? இவ்வாறு இருந்த ஒரு வீட்டில், ஸ்விட்ச் போர்டின் பின்புறம் பென்சிலால் எழுதப்பட்ட குறிப்பொன்று கிடைத்தது (பெயரறியா எலக்ட்ரீசியன், சிதைந்த நிலை, "இதுக்கு மேல ஏத்த முடியாது" என்ற இறுதி வரி மட்டும் வாசிக்கக் கிடைக்கிறது).

அடுத்தது படிக்கட்டுச் சான்று. பழைய வீடுகளுக்கு மூன்று படி ஏறிப் போவார்கள். இன்று அதே வீடுகளுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வீடு இறங்கியது என்பது ஒரு பள்ளி. தெரு ஏறியது என்பது மற்றொரு பள்ளி. பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் மறுபடி தார் என்று அடுக்கியதன் விளைவு இது என்பதால் இரண்டாம் பள்ளியே வலுவுடையது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு பிறப்பித்த பிறகு முதல் பள்ளியார் வாயடைத்துப் போயினர். உத்தரவுக்கு முன் போட்ட சாலைகள் அப்படியே இருக்கின்றன. வீடுகளும் குழிக்குள் அப்படியே இருக்கின்றன.

கோட்டின் உயரத்தை உறுதிசெய்வதில் பாடபேதச் சிக்கல் பெரிது. ஒரே வீட்டைப் பற்றிக் களப்பணியில் கிடைத்த சான்றுகள் வருமாறு: "இங்கெல்லாம் தண்ணியே வராதுங்க" (ஹவுஸ் ஓனர், மூலபாடம்), "அந்த ஒரு வருஷம் மட்டும், கணுக்கால் அளவு" (அவரே, திருத்திய இரண்டாம் பதிப்பு), "முழங்கால்னு சொல்லுங்களேன், வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா" (அவர் மனைவி, சமையலறையிலிருந்து அருளிய விளக்கவுரை), "பீரோவோட கீழ்த்தட்டு போச்சு, பட்டுப்புடவை அத்தனையும் போச்சு" (அவரே, பேருரை, கண்ணீருடன்), "போட் வந்துச்சு அங்கிள்!" (பேரன், புத்துரை). இவற்றுள் காலத்தால் பிந்தியதாயினும் பேரனுடையதே மூலத்துக்கு நெருக்கமானது. மூலபாடத்தையே பிடித்துத் தொங்குவோர் தரைத்தளத்தில் குடியேறி மகிழ்க.

'கணுக்கால் அளவு' என்ற அளவையைப் பற்றி ஒரு சொல். அளப்பவர் எங்கே நின்று அளந்தார் என்பதைச் சான்று கூறுவதில்லை. அன்றிரவு அவர் மொட்டை மாடியில் நின்றிருந்தார் என்று பால்காரர் வழி ஒரு செய்தி உண்டு (பால்காரர், கேட் அருகே, பாக்கெட்டை நீட்டியபடி, எதிர்வீட்டுக்காரர் தலையசைத்து வழிமொழிந்தது).

ஆய்வில் எதிர்ப்பட்ட விந்தை ஒன்றை இங்கே பதிவுசெய்ய வேண்டும். டிசம்பரில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததோ, மே மாதத்தில் அதே வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. 2015இல் மூழ்கிய இந்நகருக்கு, 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆகவே "தண்ணி வருமா?" என்று ஓனரிடம் கேட்போர் எந்த மாதத்து, எந்த வழித் தண்ணீர் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இல்லையேல் "நல்லா வரும்" என்பார். அதுவும் உண்மைதான்.

முடிவுகள்

தெருப்பெயரில் 'ஏரிக்கரை' என்றிருந்தால் கரையை நோக்கிப் போகவும். கரை இல்லையென்றால் நீங்கள் நிற்பது ஏரி. வீடு பார்க்க நவம்பர், டிசம்பரில், மழை விடாமல் பெய்யும் நாளில், தரகரிடம் சொல்லாமல் போகவும். பேரனைத் தனியாகச் சந்திக்கவும். ஏரியா எதுவானாலும் முதல் மாடி.

ஆய்வின் இரண்டாம் நோக்கம்: கட்டுரையாளருக்குக் குரோம்பேட்டை முதல் தாம்பரம் சானடோரியம் வரை எங்கேனும், முதல் மாடியில், இரண்டு படுக்கையறை வீடு வரும் ஒன்றாம் தேதி முதல் தேவை. சிறு குடும்பம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். விவரம் அறிந்த வாசகர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். தரகர்கள் வேண்டாம்.